வெள்ளிக்கிழமை வாங்கிய ரேம்

போன வெள்ளி நல்ல நாள் என்று அம்மா சொன்னதால், நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கப்போகும் கம்ப்யூட்டருக்கு முதல் பொருளாக ரேமை வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். மதர்போர்டு எது என்று அப்போது முடிவாகவே இல்லை.

நேற்று ஆன்லைனில் மதர்போர்டு வந்தது. அதில் டிடிஆர்5 ரேம்தான் பொருந்தும். சாமி முன்னால் இருப்பது டிடிஆர்4. எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது.

ஏழு நாளுக்குள் மாற்றலாம் என்று பில்லில் போட்டிருந்தது. இன்று ஏழாவது நாள். வெயிலோடு நாகல் நகர் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் பெட்டியைத் தொடக்கூட இல்லை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வித்த பொருளத் திரும்ப எடுக்க மாட்டோம்ணே. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு எட்டாவது நாள் ஆயிருமேண்ணே?"

"ஆமாண்ணே. ஏழு நாளுக்கு மேல மாத்துறதில்ல."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியா, நல்ல நாள் பாத்து வாங்குனது நம்மள விட்டுப் போகல."

சண்டை போடத் தெம்பில்லை. டிடிஆர்4 ரேம் பொருந்துகிற மதர்போர்டு யாரிடமாவது சும்மா கிடக்கிறதா? ராகு காலத்தில் கொடுத்தாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.