ஆணி அடிக்கக் கூடாத வீடு

மழை வந்தால் உங்களுக்கு நெட் போகும், எங்களுக்கு மரியாதை போகும். லைன் வேலை அவ்வளவுதான். இரண்டு தரப்பும் ஒரே மழையில் நனைகிறவர்கள் என்பதால் எழுதுகிறேன். எல்லாம் போன ஐப்பசியில் நடந்தது.

விடுதிக்காரர்

பிள்ளையார்பட்டியில் ஒரு விடுதி. காற்றில் நெட் லைன் போய்விட்டது. மேனேஜர் ஏணிக்குக் கீழேயே நின்று திட்டிக்கொண்டிருந்தார். ரூம் எடுத்தவர்கள் அவரைப் பிடுங்குகிறார்களாம். காது கேட்காத மாதிரி வேலை பார்க்க எனக்குத் தெரியும்.

அப்போது கீழச்சிவல்பட்டி மளிகைக்கடை பாய், என்னைத் தேடி பைக்கில் நனைந்துகொண்டு வந்தார். அவர் கடைக்கு எதிரே பெரிய வீட்டில் ஆச்சி தனியாக இருக்கிறார். மகனுக்கு மலேசியாவில் அன்று மத்தியானம் நெஞ்சில் ஆபரேஷன். அதற்குள் முகம் பார்த்துப் பேச வேண்டும். டவரில் கரண்ட் இல்லை, செல்போன் எடுக்காது. வீட்டு நெட்டும் அறுந்து கிடக்கிறது. நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் திட்டுவதை நிறுத்தினார்.

"வந்தவுக சாமி கும்பிடத்தானே வந்தாக, கும்பிடட்டும். நீங்க கிளம்புங்க."

முருங்கை

போய்ப் பார்த்தால் ஆச்சி வீட்டு வாசல் முருங்கை முறிந்து கிடக்கிறது, எங்கள் வயரையும் இழுத்துக்கொண்டு. முருங்கையில் எவனாவது வயர் கட்டுவானா? கட்டியிருந்தார்கள். வீடு பங்காளிகள் எல்லாருக்கும் பொது. முட்டை கலந்து பூசிய சுவர். எல்லாரும் சம்மதிக்காமல் அதில் ஆணி அடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. மாடி ஜன்னலில் கட்டலாமென்றால் அது சென்னைப் பங்காளியின் பங்கு, சாவி அவரிடம். மிச்சம் முருங்கைதான்.

கம்பத்திலிருந்து புது வயர் இழுத்தேன். அதற்குள் இருக்கும் கண்ணாடி இழையை ஒட்டும் மெஷின் மேல் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. பாய் குடை பிடித்தார். குடை முழுக்க மெஷினுக்கே. என் முதுகு என்ன பாவம் செய்தது என்று கேட்டேன்.

"நீங்க நனைஞ்சா காஞ்சுருவீகண்ணே, அது நனைஞ்சா காயாதுல்ல?"

எல்லாரையும் கேட்டு

இனி வயரைக் கட்ட இடமில்லை. தெருவில் தாழ்வாகத் தொங்கினால் முதல் வண்டியே அறுத்துவிடும். ஒரே ஒரு ஆணி போதும் என்றேன். பங்காளிகளைக் கேட்க வேண்டும் என்றார் ஆச்சி. எப்படிக் கேட்பது? வாட்ஸ்அப் குரூப்பில். வாட்ஸ்அப்புக்கு நெட் வேண்டும். நெட்டுக்கு ஆணி வேண்டும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மணியைப் பாருங்கள் என்று கத்தினேன்.

ஆச்சி சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பையிலிருந்த சுத்தியலை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அடிங்க. பங்காளிகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், பிள்ளைக்கு என்னத்தச் சொல்ல?"

மோட்டுவளை

இன்வெர்ட்டரில் ஓடிய நெட் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மகன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். சாப்பிட்டியா என்று கேட்டார் ஆச்சி. தண்ணீர்கூடத் தரவில்லை என்றார் மகன். ஆச்சி போனைக் கெட்டியாகப் பிடித்திருந்தார், அதுவும் கோணலாக. நான் வெளியே வந்து ஏணியைக் கட்டினேன். மகன் குரல் வாசல் வரை கேட்டது.

"ஆத்தா, மோட்டுவளையவே காட்டுறே. மூஞ்சியக் காட்டு, பாத்துட்டு உள்ள போயிட்டு வாரேன்."

பங்காளி

மகன் பிழைத்து எழுந்துவிட்டார். மழை விட்டதும் சென்னைப் பங்காளி ஊருக்கு வந்து, என்னைக் கூப்பிட ஆள் விட்டார். எதற்கென்று தெரியும். ஆச்சிக்காக நாலு வார்த்தை பேசத் தயாராகவே போனேன். ஆணியைச் சுற்றிப் பூச்சு கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அவர் அதை விரலால் நெருடிப் பார்த்தார்.

"அடிச்சது அடிச்சாச்சு, அதுலயே என் பங்குக்கும் ஒரு வயர் இழுத்துருங்க."

மழை நாளில் எங்களைத் திட்டாதவர்கள் இந்தப் பக்கம் ஒருவருமில்லை, திட்டி முடித்ததும் டீ வாங்கிக் கொடுக்காதவர்களும் ஒருவருமில்லை.