துறைத் தலைவரின் சாதனை

என் அக்கா சட்டக் கல்லூரியில் பதினோரு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். பருவம் முடிந்தால் வேலையும் முடியும். துறைத் தலைவர் மனது வைத்தால் மறுபடி தொடங்கும். ஒருத்தி பதினோரு வருடம் தற்காலிகமாக இருப்பது எப்படி என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

சனிக்கிழமைகளில் சிறையின் பெண்கள் பிரிவுக்குப் போவாள். ஜாமீன் கிடைத்தும் பிணை நிற்க ஆளில்லாமல் உள்ளேயே கிடக்கிற பெண்களிடம் பேசுவாள். பதினான்கு மாதம், நாற்பத்து மூன்று பேர். என் மகள் பிறந்தநாளுக்குக்கூட வரவில்லை. அப்போது எனக்கு அவள்மேல்தான் கோபம். நிரந்தர வேலைக்கு அவள் பெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தாக வேண்டும். அந்தப் பெண்களைப் பற்றி எழுதி முடித்துத் துறைத் தலைவரிடம் காட்டினாள்.

"என் மூலமா அனுப்பினா சீக்கிரம் வரும்மா" என்றாராம். தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். சட்டம் படித்தவள்!

"ஆசிரியர்களின் அண்மைச் சாதனைகள்" என்று கல்லூரி வழவழத் தாளில் ஒரு செய்தி மலர் போட்டது. முதல் பக்கத்தில் துறைத் தலைவர், கோட்டும் சிரிப்புமாக. சட்ட இதழ் ஒன்றில் வந்த அந்தக் கட்டுரை அவருடையதாம். அக்கா பெயரைத் தேடினேன். கடைசி வரியில், தட்டச்சு உதவி என்று இருந்தது. மனுஷனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

திருடியவர் அதை ஒழுங்காகப் படிக்கவும் இல்லை. 'பெண்கள் பிரிவில் அவர்களோடு தரையில் உட்கார்ந்து நான் கேட்டவை' என்று அக்கா எழுதியது இதழில் அப்படியே அச்சாகியிருந்தது. அந்தப் பிரிவுக்குள் வெளி ஆண்கள் யாருக்கும் அனுமதி கிடையாது.

நேர்முகத் தேர்வுக் குழுவில் அவரும் உட்கார்ந்திருந்தார். "வெளியான கட்டுரை ஏதாவது இருக்காம்மா?" என்று அவரே கேட்டிருக்கிறார். நாக்கு கூசவில்லை. அக்கா மலரை மேசைமேல் வைத்து, "இதுல சொல்லியிருக்கிற கட்டுரை நான் எழுதினது சார்" என்றாள். "அதெல்லாம் இங்க பேச வேண்டாம்மா" என்று குழுத் தலைவர் முடித்துவிட்டார். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அக்கா அழவில்லை. சிறை வாசல் பதிவேட்டில் தன் கையெழுத்துள்ள பக்கங்களுக்கு நகல் வாங்கி, கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு அனுப்பினாள். அவர்கள் துறைத் தலைவரிடம் விளக்கம் கேட்டார்கள். மறுநாள் காலையிலேயே அவரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நான்தான் சைகை காட்டினேன்.

"எதுக்கும்மா இவ்வளவு தூரம்? ரெண்டு பேர் பேரையும் போட்டுக்கலாம். அடுத்த தடவை வேலைக்கு நானே சொல்றேன்."

அவரிடம் இத்தனை வருடத்தில் "சரிங்க சார்" தவிர எதுவும் சொல்லாதவள் அவள். அன்று குரல் ஏறியது.

"வர்ற சனிக்கிழமை நான் போறேன் சார். நீங்களும் வாங்க. அந்தக் கதவுக்குள்ள உங்கள விட்டாங்கன்னா, உங்க பேரையும் போட்டுக்குங்க."