தவமணியின் இடது கை

கங்காவோடு ஒரே வார்டில் வேலை பார்க்கத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. 1984இல் நான் பிள்ளைகள் வார்டில் நர்ஸ், எல்லோருக்கும் 'மிஸ்ஸி'. அவள் படுக்கை விரிக்கும் ஆயா. மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் எஸ்டேட் லய வீட்டில் பிறந்து, நாலாம் வகுப்போடு பால்வெட்டப் போனவள். ஆனால் வாய்? டாக்டர் கேட்ட கேள்விக்குப் பிள்ளையை முந்திக்கொண்டு தகப்பன் பதில் சொன்னால் போதும், "நீங்க சும்மா இருங்கண்ணே, நோவு ஒங்களுக்கா?" என்று பாய்வாள். எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்!

அந்த வருஷம்தான் தவமணி வந்தாள். ஒன்பது வயது. மூச்சுக்காகத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள், பேச்சு வராது. தினமும் சாயங்காலம் ஐந்து மணியானால் சத்தமில்லாமல் துடித்து அழுவாள். அழுதால் குழாய் அடைக்கும் என்று தூக்க ஊசி போடச் சொல்லியிருந்தார் டாக்டர். போட்டது நான்தான்.

என்ன வேண்டும் என்று எழுதிக் காட்டச் சொல்லிச் சிலேட்டு கொடுத்தோம். வலது கையால் கோழி கிளறியது போல் கிறுக்கினாள். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பாம்! "எழுதத் தெரியாது" என்று நோட்டில் குறித்துவிட்டேன்.

மறுநாள் காலை போர்வை மாற்றிக்கொண்டிருந்த கங்கா கத்தினாள். "மிஸ்ஸி, இங்க வந்து பாருங்க! இந்த விரலு என்னமோ எழுதுது!" மருந்து ஏறும் ஊசியைக் குத்தி, பலகை வைத்துக் கட்டியிருந்த இடது கை அது.

பக்கத்தில் நின்ற தகப்பன் காளியண்ணன் தலையைச் சொறிந்தார். "ஆமாங்க, பீச்சாங்கையாலதான் எழுதும். அடிச்சும் திருந்தல. அதான் ஊசிய அந்தக் கையில போடுங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். சோத்துக்கையில எழுதிப் பழகிக்கும்லா."

"ஐயோ, புள்ளைக்கு இருந்த ஒரே வாயையும் கட்டிப்போட்டுட்டீங்களேண்ணே!"

கங்கா போட்ட சத்தத்தில் டாக்டரே ஓடி வந்தார். ஊசி வலது கைக்கு மாறியது. தவமணி எழுதினாள், முத்து முத்தாக: "அம்மா வர்ற நேரம் என்னைத் தூங்க வைக்காதீங்க."

அவள் அம்மா வேலை முடித்து, பஸ் பிடித்து, தினமும் ஐந்தரைக்கு வருவார். தூங்கும் மகளின் காலைத் தடவிவிட்டு, "நல்லாத் தூங்குது, ஒங்களுக்குப் புண்ணியமா போவும் மிஸ்ஸி" என்று எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார். பதினோரு நாள் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் நான் தூக்க ஊசியைத் தொடவில்லை. விழித்திருந்த மகளைப் பார்த்ததும் அம்மா பதறிப்போனார். "ஏன் மிஸ்ஸி முழிச்சிருக்கு? ஊசி போடலையா?"

கங்கா சிலேட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. உடனே அதை என் கையில் திணித்தாள் கங்கா.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்க, மிஸ்ஸி."

படித்தேன்.