ஹெட்லைட் வழக்கு

வில்கமுவப் பக்கம் ஒரு சிறிய அரசாங்க வைத்தியசாலையில் நான் மருந்தாளராக வேலை செய்கிறேன். வீடு மாத்தளை டவுனில். வாரம் முழுவதும் குவாட்டர்ஸில் தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் என் சின்னக் காரை நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அந்த வெள்ளிக்கிழமை மருந்து லொறி பிந்தி வந்தது. எல்லாவற்றையும் இறக்கி அடுக்கிவிட்டுப் புறப்பட்டபோது வெயில் போய்விட்டது. காட்டை ஒட்டிய பாதைக்கு வந்து சேரும்போது இருட்டத் தொடங்கும் மஃரிப் தொழுகை நேரம்.

ஒரு வளைவில் திரும்பிய கையோடு இடது பக்கப் பற்றைப் புதருக்குள் அதைக் கண்டேன். முதலில் பாறை என்றுதான் நினைத்தேன். காது அசைந்தது. தனியன் யானை. நிறுத்தவும் முடியாது, பின்னால் எடுக்கவும் முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கடந்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் அது ரோட்டில் காலை வைத்துக்கொண்டிருந்தது.

எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஆணும் பெண்ணும். அந்தப் பெண்ணின் மடியில் ஒரு பெரிய பை. பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஹெட்லைட்டை முழு வெளிச்சத்துக்குப் போட்டேன். அணைத்து அணைத்துப் போட்டேன். அவர்கள் வேகத்தைக் குறைக்காததால் பிறகு அணைக்கவே இல்லை. கையையும் வெளியே நீட்டி ஆட்டினேன். கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு அந்த ஆள் நிறுத்தினார். நானும் காரை நிறுத்தி, வளைவில் யானை நிற்கிறது என்று சிங்களத்தில் சொன்னேன். அந்தப் பெண் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவர்களுக்குப் பின்னால் இன்னொரு மோட்டார் சைக்கிள் தள்ளாடிச் சரளைக்கல்லில் இறங்குவதைக் கண்டேன். விழப்போன ஆள் காலை ஊன்றி எப்படியோ நிறுத்திக்கொண்டார். காக்கி உடுப்பு. பொலிஸ் சார்ஜன்ட்.

"என்ன மிஸ், ஆளைக் கொல்லப் பாக்கிறீங்களா? எதிர்ல வண்டி வந்தா லைட்டை டிம் பண்ணத் தெரியாதா?"

"சார்ஜன்ட் மாத்தயா, வளைவுல யானை நிக்குது. இவங்களை நிப்பாட்டத்தான் போட்டேன்."

"இந்த ரோட்டுல மாட்டுறவங்க எல்லாருக்கும் யானைதான்."

சாட்சிக்கு அந்த இருவரையும் காட்டத் திரும்பினேன். அவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள். பின்னால் இருந்த பெண்ணின் தலையில் ஹெல்மட் இருக்கவில்லை. பொலிஸைக் கண்டதும் போய்விட்டார்கள்.

"பொய் சொல்லாதீங்க மிஸ்" என்றபடி அவர் தண்டச் சீட்டை எழுதினார். என் லைசனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நான் வந்த பக்கமே போக வண்டியை எடுத்தார்.

"மாத்தயா, இப்போ அந்தப் பக்கம் போகாதீங்க. கொஞ்சம் நில்லுங்க."

"எனக்கு ரோட்டு சொல்லித் தர வேணாம்."

கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய வண்டிச் சத்தம் வளைவுவரை போய்த் தேய்ந்து நின்றது. தூரமாகிப் போய்விட்டதா, நின்றுவிட்டதா என்று விளங்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்தவுடன் வைத்தியசாலைக்குப் போன் எடுத்து, அடிபட்ட யாரையாவது கொண்டுவந்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

என் கணவர் டவுனில் புடவைக்கடை வைத்திருப்பவர். பிரச்சினை என்றால் நாலடி தள்ளி நிற்கிற மனிதர். "போஸ்ட் ஒபிஸ்ல கட்டிட்டு லைசனை எடுங்க. பொலிஸோட மல்லுக்கட்டி நமக்கு என்ன வரப் போகுது? ஒவ்வொரு கிழமையும் அந்த ரோட்டாலதானே நீங்க போகணும்?"

"நான் பொய் சொல்றதா சொன்னாரே. கட்டினா அது சரின்னு ஆயிடும்."

"அந்த வளைவுல யாரு வந்து சாட்சி சொல்லப் போறாங்க? யானையா?"

நான் சிரிக்கவில்லை. தண்டத்தைக் கட்டவுமில்லை. வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது.

கணவர் பயந்தது சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சோதனைச் சாவடியில் அந்த சார்ஜன்ட் என் காரை நிறுத்தினார். லைசனுக்குப் பதிலாகக் கொடுத்திருந்த தற்காலிகப் பத்திரத்தை வாங்கிப் பார்ப்பார். டயரைப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை அசைப்பார். அந்த மௌனத்துக்கு அவர் ஏசியிருந்தாலே தேவலை என்றிருக்கும். சாவடி கண்ணில் பட்டதுமே பத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் காலை மருந்து ஜன்னலில் ஒரு மருந்துச் சீட்டுத் துண்டு நீண்டது. தலையை நிமிர்த்தினால் அவர். சாதாரண உடுப்பில் நின்றார். முழங்காலில் ஆறாத காயம். புண்ணுக்குக் களிம்பும் மாத்திரையும் எழுதியிருந்தார் டாக்டர். பின்னால் பெரிய வரிசை. எல்லாருக்கும் சொல்வதைப் போல அவருக்கும் சொன்னேன்.

"காலையும் ராத்திரியும், சாப்பிட்ட பிறகு. நடுவுல நிப்பாட்டக் கூடாது."

"சரி மிஸ்" என்றார். ஏதோ கேட்கப் போவதுபோல நின்றுவிட்டு நகர்ந்தார்.

விசாரணைத் தவணையன்று என் சட்டத்தரணி கடைசியாகவும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ஒத்துக்கிட்டா எச்சரிக்கையோட விட்டுடுவாங்க." முடியாது என்றேன். சுற்றவாளி, குற்றம் செய்யவில்லை என்றே சொன்னேன். சார்ஜன்ட் சாட்சிக் கூண்டில் ஏறி, முழு வெளிச்சம் கண்ணில் அடித்ததையும், வண்டி சறுக்கியதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

சட்டத்தரணி குனிந்து என்னிடம், "அவர் அந்த வளைவுல என்ன கண்டார்னு கேக்கவா? யானை இல்லைன்னு சொன்னா நம்ம கதை அதோட முடிஞ்சிரும்" என்றார். பதில் தெரியாத கேள்வியைக் கூண்டில் நிற்பவரிடம் கேட்பது அவருக்குப் பிடிக்காது. கேளுங்கள் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"சீட்டு எழுதின பிறகு நீங்க எந்தப் பக்கம் போனீங்க?"

"வளைவுப் பக்கம்."

"அங்க என்ன கண்டீங்க?"

சார்ஜன்ட் தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"யானை நின்னிச்சு சேர். நடு ரோட்டுல. வண்டியைப் போட்டுட்டு ஓடினேன். ஓடும்போதுதான் விழுந்தேன்."

பின்னால் வாங்குகளில் உட்கார்ந்திருந்த சிலர் சிரித்தார்கள். அவர் முகம் மாறவில்லை.

"அப்போ இந்த வழக்கை ஏன் கொண்டுவந்தீங்க?" என்று நீதவான் கேட்டார்.

"என் கண்ணுல லைட் அடிச்சதும் உண்மைதானே சேர். அவங்க வழக்குப் பேசக் கோட்டுக்குப் போறாங்கன்னு கேள்விப்பட்டதும் எனக்குக் கோபம். பிறகு வாபஸ் வாங்க வெக்கமா இருந்திச்சு."

நீதவான் என் பக்கம் திரும்பினார். "பின்னால வந்த இவரைக் கண்டதும் டிம் பண்ணினீங்களா?"

"இல்லை சேர். முன்னால வந்தவங்களைத்தான் கண்டேன். இவர் வந்ததே எனக்குத் தெரியாது."

நீதவான் எதையோ எழுதினார். ஆளை எச்சரிக்கப் போட்ட வெளிச்சத்துக்குத் தண்டம் விதிக்க முடியாது என்று சொல்லி என்னை விடுதலை செய்தார்.

வெளியே மரநிழலில் கணவர் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "அந்தாளு யானை இல்லைன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலையே" என்றார்.

சார்ஜன்ட் நொண்டிக்கொண்டே படியிறங்கி வந்தார். நான் எதிரே போனேன். நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல், "முழங்கால் எப்படி?" என்று கேட்டேன்.

"காஞ்சிடுச்சு மிஸ். மாத்திரையை மட்டும் நடுவுல விட்டுட்டேன்."

"விடக் கூடாதுன்னு சொன்னேனே."

"வயித்தை எரிச்சிச்சு."

திங்கட்கிழமை வந்து டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். வருவதாகச் சொல்லிவிட்டு, வெயிலில் கிடந்த தன் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார்.