டைகர் மேல் ஒரு மனு

கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஆதிகேசவன் மனு எழுத உட்கார்ந்து முப்பது வருடம் ஆகிறது. பட்டா, முதியோர் பணம், சாக்கடை, எதுவானாலும் எழுதுவார். அவரிடம் மனிதரை விட மனுவுக்குத்தான் மரியாதை. தேதி இல்லாத புகாரைக் கண்டால் அவருக்கு எரிச்சல் வரும்.

போன திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில், அவர் தெருவிலேயே பட்டுத்தறி வைத்திருக்கும் மங்கையர்க்கரசி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“நாய் மேல ஒரு மனு எழுதணும்ணா.”

“யார் நாய்மா?”

“உங்க டைகர்தான். தெனம் வந்து குரைக்குது. நீங்க எழுதினாதான் எடுபடும்னு ஊரே சொல்லுது.”

புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? ஆதிகேசவன் பேனாவைத் திறந்தார். டைகருக்கு லைசன்ஸ் கிடையாது. ஊருக்குத்தான் உபதேசம். மாநகராட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனால், வீட்டில் அவரைத் தவிர வேறு உயிர் இல்லை. ஆனாலும் அரைகுறையாக எழுத அவருக்குக் கை வரவில்லை.

“எத்தினி மணிக்குக் குரைக்குது?”

“சாயந்தரம் ஆறுக்கு. எங்க வாசல்ல நின்னுக்கினு. நான் கதவத் தொறந்து உள்ள காட்டுற வரைக்கும் வுடாது.”

“எப்பலேருந்து? தேதி இல்லன்னா தள்ளிடுவாங்கம்மா.”

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “தை மாசத்துலேருந்து. அக்கா போனதுலேருந்து.”

அக்கா என்றால் ஆதிகேசவனின் மனைவி காந்தா. பதினாறு வருடம் மங்கையர்க்கரசியின் தறியில் துணைக்கு உட்கார்ந்து, சேலையின் மறுகரைக்கு நூல் ஓட்டும் நாடாக் கட்டையைத் தள்ளியவள். ஆறு மணிக்கு வேலை முடியும். டைகர் போய்க் கூட்டிவரும். அந்த நேரத்தில் ஆதிகேசவன் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் போனதில்லை.

“தை பதினொன்றாம் தேதி முதல்” என்று எழுதினார். எழுத்து கோணியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுகைதான், வேறொன்றும் இல்லை.

“கோரிக்கை என்னன்னு போடறது?”

“புடிச்சிக்கினு போவ வேணாம். உள்ள அக்கா இல்லன்னு தெனம் அதுக்குக் காட்ட என்னால முடியலண்ணா. யாராவது வந்து கூட்டிக்கினு போவட்டும்.”

‘உரியவர் நேரில் வந்து அழைத்துச் செல்ல ஆவன செய்யுமாறு’ என்று முடித்தார். கையெழுத்து வாங்கினார். மனுவை மடித்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அன்று மாலை ஆறு மணிக்கு மங்கையர்க்கரசி கதவைத் திறந்தபோது, நாயோடு அவரும் நின்றார். முப்பது வருடத்தில் அவர் எழுதிய மனுக்களில், கொடுத்த அன்றே நடவடிக்கை எடுக்கப்பட்டது அது ஒன்றுதான்.