கச்சானுக்கு ஒரு கியர்

எங்கள் ஊரில் மேடு கிடையாது. தூத்துக்குடித் தரை தோசைக்கல். பள்ளிக்கூடத்தில் மலை வரையச் சொன்னால் நாங்கள் உப்புக் குவியலை வரைவோம். வெள்ளையாக, முக்கோணமாக, தலையில் ஓலை வேய்ந்து. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, மின்சாரத்தில் ஓடும் சைக்கிள் ஒன்றைச் செய்து அதற்கு நாலு கியரும் வைக்கப்போகிறோம் என்று புருசனும் பெண்டாட்டியுமாகக் கிளம்பினால் தெரு சிரிக்காமல் என்ன செய்யும்?

"எந்த மலைக்கு ஏறப் போறிய?" என்று முக்குக்கடை அண்ணாச்சி கேட்டார்.

மலை இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வைகாசியில் முளைக்கும், புரட்டாசியில் கரையும். அதற்குப் பெயர் கச்சான். தென்மேற்கிலிருந்து வரும் காற்று. மழையையெல்லாம் மேற்கு மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு எங்களிடம் வெறுங்கையோடு வரும். வெறுங்கையை மறைக்கத் தேரிக்காட்டுச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வரும். கொடியில் காயும் வெள்ளை வேட்டி மாலைக்குள் சந்நியாசம் வாங்கிவிடும். நடந்து போகிறவனை நிறுத்தி வைத்துப் பேசும். சைக்கிளில் போகிறவளை இறங்கு என்று சொல்லும்.

அப்படி இறங்கி இறங்கித்தான் என் வேலை போகப் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணம் முடிந்த புதுசு. ஊருக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில், உப்பைச் சோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. உப்பைக் கரைத்து, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, நிறம் மாறுகிற நொடியைப் பிடிக்க வேண்டும். அந்த நொடிக்காகவே விடிந்து எழுந்திருப்பேன். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கம்பெனி பஸ்ஸில் நிரந்தரமானவர்களுக்கு மட்டும்தான் இடம். நான் நேர் ரோட்டில் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருப்பேன்; பஸ் என்னைத் தாண்டிப் போகும்; ஜன்னலுக்கு ஜன்னல் கலையாத தலைகள்.

எட்டு மணிக்குச் சங்கு ஊதும். ஊதி முடிந்ததும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். முன்னாடியே கிளம்பலாமே என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் தண்ணீர் பிடித்ததில்லை. குழாயில் தண்ணீர் வந்து, குடம் நிறைந்து, அண்டா நிறைந்த பிறகுதான் ஒரு மருமகள் வாசலைத் தாண்ட முடியும். கச்சான் தொடங்கியதும் இரண்டு தடவை சாத்திய கேட்டுக்கு வெளியே நின்றேன். இரண்டாவது தடவை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"இன்னொரு தடவ சங்குக்குப் பிந்துனா, ஒன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எழுத முடியாதும்மா."

வீட்டில் அத்தைக்கு அது நல்ல சேதி. என் மாமியார்தான், அப்பாவின் தங்கையும் அவர்தான்.

"ஏளா, காத்தே சொல்லுது வீட்டுல கெடன்னு. நீ யாரு பேச்சத்தான் கேப்ப?"

"காத்து நாலு மாசந்தான் சொல்லும் அத்த. நீங்க வருசம் பூராச் சொல்லுதிய."

"வாயப் பாரு. இவளுக்கு எதிர்க்கப் போனா கச்சானே எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவும்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தைமகன், அதாவது என் வீட்டுக்காரர், மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறவர். அவரிடம் எண்ணெய்க்கறை படாத சட்டை ஒன்றே ஒன்று உண்டு. அது கல்யாணப் போட்டோவில் இருக்கிறது. கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "ஒன் சைக்கிளுக்கு ஒரு எஞ்சின் வச்சிருவோம்."

"எஞ்சின் வேண்டாம் அத்தான். மோட்டார். பாட்டரியில ஓடுத மாதிரி." கல்லூரியில் பௌதிகம் படித்தவள் அல்லவா, விட்டுக்கொடுப்பேனா?

"மோட்டார மட்டும் வச்சா கச்சான் அதப் பொசுக்கிப் போடும். கியரு வேணும்."

"தட்டையான ஊருல கியரு எதுக்கு?"

"எதிர்காத்துல பாய எறக்கிட்டுத் துடுப்பு போடுவாம்லா? மெதுவாப் போவும், ஆனாப் போவும். அதான் மொத கியரு."

மோட்டார் என் கட்சி, கியர் அவர் கட்சி. கூட்டணி அரசாங்கம் அமைந்தது.

பழைய காரிலிருந்து கழற்றிய டைனமோ ஒன்று கிடைத்தது. சுற்றினால் மின்சாரம் தருகிற அந்தச் சாமானுக்கு நாம் மின்சாரம் கொடுத்தால் அதுவே மோட்டாராகச் சுற்றும். அது என் படிப்பு. பழைய இரும்புக்கடையில் ஒரு கியர் பெட்டி கிடைத்தது. எஞ்சின் தனியாக, கியர் பெட்டி தனியாக மோட்டார் சைக்கிள் செய்த காலத்துச் சாமான். உள்ளே நாலு பல்சக்கர ஜோடி. அது அவர் கண். பாட்டரி, ஒரு விசைப்படகு வேண்டாம் என்று தூக்கிப் போட்டது. என் லேடீஸ் சைக்கிளின் வளைந்த கம்பிக்கு நடுவே கியர் பெட்டியைத் தொங்கவிட்டு, பின்னால் மோட்டாரைக் கட்டி, கேரியரில் பாட்டரியை ஏற்றினோம். மோட்டாரிலிருந்து பெட்டிக்கு ஒரு சங்கிலி, பெட்டியிலிருந்து பின்சக்கரத்தின் இடதுபக்கத்துக்கு ஒரு சங்கிலி. சேலை மாட்டாமல் இருக்க, பிஸ்கட் டின்னை வெட்டி மறைப்பு. டின்னில் ஒரு குண்டுக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. நான் போகும் இடமெல்லாம் என் கணுக்காலுக்குப் பக்கத்தில் அதுவும் சிரித்துக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் வெள்ளோட்டம். ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டு, சுவிட்சை அழுத்தினேன். வண்டி பின்னால் போனது. அத்தை துடைப்பத்தோடு நகர்ந்துகொண்டார்.

"பயப்படாதிய, பாட்டரி வயர மாத்திக் குடுத்தா முன்னால போவும்" என்றேன் தெருவைப் பார்த்து. மாற்றினேன். மறுபடியும் பின்னால் போனது, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"இதான் காலேசுல சொல்லிக் குடுத்தாவளா?" என்றார் அத்தான்.

அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிற சாக்கில் யோசித்தேன். பாட்டரியைத் திருப்பினால் உள்ளே காந்தச் சுருளும் திரும்புகிறது, சுழலும் பாகமும் திரும்புகிறது. இரண்டு பேரும் சேர்ந்து திரும்பினால் சண்டை பழையபடிதானே? ஒருவர் மட்டும் திரும்ப வேண்டும். டைனமோவைத் திறந்து காந்தச் சுருளின் இரண்டு முனைகளை மட்டும் மாற்றிக் கட்டினேன். வண்டி முன்னால் போனது. முக்குக்கடை அண்ணாச்சி கை தட்டினார். கியர்தான் கரகரத்தது, இரும்பு இரும்பைத் தின்னும் சத்தம்.

"பெட்டியில ஆயில் இல்ல" என்றார் அத்தான். ஞாயிற்றுக்கிழமை. கடையெல்லாம் அடைப்பு. விடிந்தால் சங்கு.

இந்த இடத்தில் வேறு ஊர்க்காரர்கள் என்ன செய்திருப்பார்களோ தெரியாது. நாங்கள் சுறா எண்ணெயை ஊற்றினோம். எங்கள் கரையில் தோணிப் பலகைக்கு அதுதான் பூச்சு, துருவுக்கு அதுதான் காப்பு, கதவு கிறீச்சிட்டால் அதுதான் மருந்து. உப்புக்காற்று பட்ட எதற்கும் சுறா எண்ணெய் கேடு செய்யும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அத்தான் டின்னோடு வந்தார். பௌதிகம் படித்த நான் விளக்குப் பிடித்தேன். கரகரப்பு நின்றது. பெட்டி வெண்ணெய் தின்ற பிள்ளை மாதிரி அமைதியானது.

திங்கட்கிழமை காலை தெருமுனை வரை எல்லாம் சுகம். ஓட ஓடப் பெட்டி சூடேறியது. சூடேற ஏற எண்ணெய் பேச ஆரம்பித்தது.

முதலில் ஒரு பூனை. மதிலில் படுத்திருந்தது எழுந்து, மூக்கை உயர்த்தி, இறங்கியது. அடுத்த சந்தில் மூன்று. மீன் மார்க்கெட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன்: எனக்குப் பின்னால் ஒரு ஊர்வலம். வால்கள் நட்டமாக, வரிசையாக, தேருக்குப் பின்னால் வருகிற பக்தியோடு. மேலே காக்கைகள். கடலில் சரக்கு ஏற்றி வருகிற தோணிக்குக்கூட இப்படி ஒரு வரவேற்பு கிடையாது. இரண்டாவது கியர் போட்டேன், மூன்றாவது போட்டேன், பூனைகள் தளர்ந்தன, காக்கைகளுக்குக் கியர் தேவைப்படவில்லை.

உப்பள ரோட்டில் திரும்பியதும் கச்சான் நெஞ்சில் கை வைத்தது. வழக்கமாக நான் இறங்குகிற இடம். முதல் கியருக்கு வந்தேன். மோட்டார் முனகியது, வண்டி, மெதுவாக, ஆனால் நிற்காமல், காற்றுக்குள் ஏறியது. ஆமாம், ஏறியது. தட்டைத் தரையில் ஏறுவது என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இரண்டு பக்கமும் பாத்திகளில் உப்புநீர் சிலிர்த்துக்கொண்டிருந்தது. பஸ் தாண்டிப் போனது. இந்தத் தடவை தலைகள் எல்லாம் திரும்பின.

சங்குக்கு முன்னால் கேட்டில் நின்றேன். வாட்ச்மேன் அண்ணாச்சி மூக்கைப் பொத்தினார். "ஏம்மா, உப்பு சோதிக்க வந்தியா, கருவாடு போட வந்தியா?"

"வண்டிய எங்க நிறுத்த அண்ணாச்சி?"

"காத்துக்குக் கீழ. இன்னும் கீழ. இன்னும்."

சாயங்காலம் பாட்டரியில் உயிர் இல்லை. கிழட்டுப் பாட்டரி, ஒரு வழிக்குத்தான் தாங்கும். தாங்கியது போதும், ராத்திரி அத்தான் சார்ஜ் ஏற்றிவிடுவார். திரும்பும்போது முகம் வடக்கே, கச்சான் முதுகில். கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டால் சேலை பாயாகப் புடைத்துக்கொள்ளும். காலையில் என் வேலையைப் பிடுங்கப் பார்த்த அதே காற்று, மாலையில் என்னை வீட்டுவாசலில் இறக்கிவிட்டது. தன் தப்புக்குப் பரிகாரம் செய்கிற முரட்டு மனிதர்களை எனக்கு அன்றிலிருந்து பிடிக்கும்.

அத்தான் வாரக் கடைசியில் நல்ல ஆயில் வாங்கி மாற்றிவிடுவதாகச் சொன்னார். விசைப்படகு எஞ்சின்களுக்கு வாரக் கடைசி கிடையாது. சுறா எண்ணெய் பலகையில் பூசினால் காய்ந்து தோலாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தோணிக்காரர்கள் பூசுகிறார்கள். பெட்டிக்குள்ளும் அது தன் குணத்தை மறக்கவில்லை. நாளுக்கு நாள் கியர் கோந்தில் கால் வைத்த மாதிரி அசைந்தது. நாலாவது போனது. பிறகு மூன்றாவது.

ஆடியில் ஒரு காலை. காற்று ஓலைக் கொட்டகை ஒன்றின் கூரையைத் தூக்கி ரோட்டில் போட்டிருந்தது. செம்மண்ணில் வெயிலே மங்கலாக இருந்தது. குழாயில் தண்ணீர் பிந்தி வந்ததால் நானும் பிந்திக் கிளம்பியிருந்தேன். இரண்டாவது கியருக்கு லீவரை மிதித்தேன், விழவில்லை. மறுபடி மிதித்தேன். லீவர் முதலுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மட்டும் ஆடியது. மூன்றாவது தடவை கேட்டுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று மனசு ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டது. அத்தை என்ன சொல்வார் என்பதுவரை ஒத்திகை. "ஏளா, காத்தே சொல்லுது..."

முதல் கியரிலேயே விட்டேன். கூடவே மிதித்தேன். மோட்டார் பாதி, கால் பாதி. பிஸ்கட் டின் குழந்தை சிரித்தது. உனக்கென்ன, நீ நிரந்தரம். கேட் தெரிகிற தூரத்தில் சங்கு ஆரம்பித்தது. எங்கள் சங்கு நீளமாக ஊதும். தாழத் தொடங்கி, உயர்ந்து, மறுபடி தாழும். அது உயரும்போது நான் வேலி ஓரம். தாழும்போது வாட்ச்மேன் அண்ணாச்சி கேட்டில் கை வைத்துவிட்டார். காற்று அவர் பக்கத்திலிருந்து என் பக்கம் வீசிக்கொண்டிருந்ததால் வாடை அவருக்கு எட்டவில்லை. காக்கைகளைப் பார்த்துத்தான் நிமிர்ந்தார்.

"ஏ, வாரா வாரா! வா தாயி, மிதி!"

கதவுக்கும் தூணுக்கும் நடுவில் நுழைந்தேன். எனக்குப் பின்னால் சங்கு மூச்சை விட்டது.

புரட்டாசியில் காற்று இறங்கியது. ஐப்பசியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். மலை கரைந்த பிறகு எனக்கு ஏணி கிடைத்தது: பஸ்ஸில் ஜன்னலோர இடம். அத்தான் பெட்டியைத் திறந்து மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி நாலு கியரையும் மீட்டுத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். போக முதல் கியர், வர நியூட்ரல். மற்ற மூன்றும் எங்கள் ஊருக்கு ஆடம்பரம். வண்டி பின்வாசலில் நின்றது. அதன் காலடியில் தெருப் பூனைகள் குடித்தனம் நடத்தின. அத்தை அவற்றுக்கு மீன் முள் போட ஆரம்பித்தார், திட்டிக்கொண்டே.

அடுத்த வைகாசி. பஸ்ஸில் நான் ஜன்னலைத் திறந்தேன். பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "எக்கா, மூடுங்க, மண்ணு வருது." மூடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், குனிந்த தலை, பறக்கும் தாவணி, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். எங்கள் சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவள். பஸ் அவளைத் தாண்டியது. என் தலை கலையாமல் இருந்தது.

அன்று அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். சாயங்காலம் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பூனைகளை எழுப்பி, வண்டியை வாசலுக்குத் தள்ளி வந்தோம். அத்தான் பாட்டரியை மாட்டினார். அத்தை, யாரும் சொல்லாமலே, முந்தானையால் சீட்டைத் துடைத்தார்.

"நாலு கியராக்கா?" என்றாள் அவள், பெட்டியைத் தடவி.

"போட்டிருக்கது நாலு. விழுறது ஒண்ணு. அது போதும்."

அவள் விரலை மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுருங்கியது. "என்னக்கா, ஒரு மாதிரி வாடை..."

"ஓட ஓட இன்னும் வரும்" என்றேன். "மார்க்கெட் தாண்டும்போது மட்டும் பிரேக் புடிச்சிராத."

"ஏன்?"

அத்தைதான் பதில் சொன்னார். "போனாத் தெரியும். வெரசாப் போளா, சங்கு ஊதிரப் போவுது."

சங்கு ஊத இன்னும் ஒரு ராத்திரி முழுசாக இருந்தது.