வெயில் ஆகாத மூன்று மாதம்

பாம்பனில் மீன் அலசிக் கருவாடு போடும் மிக்கேலம்மாளுக்கு இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை. நாள் முழுக்க ஈரச் சேலையோடு நிற்கிறவளுக்கு அது எப்படி ஆறும்? சீமையகத்தி இலையை அரைத்துப் பூசினாள், களிம்பு தடவினாள். அடங்கியது, மறுபடி பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிப்பு தாங்காமல் பாதிப் பூசையில் எழுந்து வந்தவள், மறுநாள் ராமநாதபுரத்துக்கு ரயிலேறினாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் அது. டாக்டரம்மா முதலில் மஞ்சக்காமாலை வந்ததுண்டா, முழுகாமல் இருக்கிறாளா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றதும் மாத்திரை எழுதினார்.

"புதுசா வந்திருக்கு. எண்ணெய், நெய் சேந்த சாப்பாட்டுக்குப் பிறகு முழுங்கணும். தலைவலி வரலாம். வேற எது வந்தாலும் நிறுத்திட்டு என்கிட்ட வாங்க."

தலைவலி வந்தது; பொறுத்துக்கொண்டாள். அரிப்பு குறைந்தது. நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்த சமயத்தில் முகமும் முன்கைகளும் சிவந்து கொப்புளித்தன. அம்மை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒதுங்கினார்கள்.

"அந்தக் கருமத்தைக் கடல்ல வீசு" என்றான் புருஷன் செபஸ்தியான்.

அவள் வீசவில்லை. முழுங்குவதை நிறுத்திவிட்டு மறுபடி ரயிலேறினாள்.

டாக்டரம்மா அவள் ரவிக்கைக் கையை மேலே ஏற்றினார். துணி மூடியிருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"வெயில் பட்ட இடம் மட்டுந்தான் வெந்திருக்கு."

"வெயிலா? நான் அதுலயே வளந்தவ டாக்டரம்மா."

"மாத்திரை உடம்புல இருக்கப்ப சிலருக்கு வெயில் ஆகாது. புண் ஆறட்டும். அப்புறம் மாத்திரைய விட்டுரலாம், இல்ல வெயில விட்டுட்டு மூணு மாசம் சாப்பிடலாம். நீங்கதான் சொல்லணும்."

ரயிலில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள். நாத்தனார் வேளாங்கண்ணி, கொட்டகைக்குள் மீனை வகுந்து உப்புப் போடுகிறவள். மணலில் காயப்போடும் தன் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய கொட்டகை வேலையை மிக்கேலம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"அப்ப நான் கருகணுமா மதினி?"

"ஆமா. எனக்கு வேற வழி தெரியல."

வேளாங்கண்ணி முணுமுணுத்துக்கொண்டே கூடையைத் தூக்கினாள்.

புண் ஆறிய பிறகு மாத்திரையைத் திரும்பத் தொடங்கினாள். இந்தத் தடவை தோல் வேகவில்லை. நடுவில் ஒரு தரம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், குறையில்லை. மூன்று மாதத்தில் இடுப்பு சுத்தமாயிற்று. முன்கைகளில் கறுத்த திட்டுகள் மட்டும் நின்றன. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பப் போனபோது வேளாங்கண்ணி நகரவில்லை.

"இங்கன காத்து வருது மதினி. கொட்டகைக்குள்ள நான் போகமாட்டேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு மணலை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொட்டகை வேலைக்கு வேறு ஆள் வைத்தார்கள்.